கொடிமலையில் நாங்கள் பிடுங்கிய எண்கள்

இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நம் பினாங்குக் கொடிமலையில் நடந்த கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? ஊரே திரண்டு ஒரே காலையில் மலைப்பாதையைச் சுத்தம் செய்ததை ஆகா ஓகோவென்று புகழ்ந்து...

எழுதிய கையை இப்போது என்ன செய்வது?

பத்திரிகை வந்த மறுநாள் வீட்டுக்கு ஒரு போன். பெண் குரல்.

"அண்ணே, நீங்களும் அங்க போயிருந்தீங்களா?"

"போனேனே! ரெண்டு சாக்கு குப்பை நானே பொறுக்கினேன்."

"அதுல அலுமினியத் தகடு இருந்துச்சா? சின்னதா... நம்பர் போட்டு?"

இருந்தது. மரம் மரமாக ஆணியடித்து யாரோ விளம்பரம் செய்கிறார்கள் என்று நினைத்து, நானே பிடுங்கினேன். முன்னால் போன அதிகாரி, "எல்லாத்தையும் எடுத்துடுங்க, வி.ஐ.பி. வர்றாரு" என்றார். எடுத்தோம்.

அதை அப்படியே போனில் சொன்னேன். "அது என்னோட பதினோரு வருஷம்ணே" என்றார்.

அவர் டாக்டர் சிவகாமி. டத்தோ கிராமாட்டில் வீடு. பல்கலைக்கழகத்தில் தாவர ஆய்வாளர். மலைச்சரிவில் ஒரு துண்டுக் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, மாதாமாதம் ஏறிப் போய் அளந்திருக்கிறார். எவ்வளவு பருத்தது, எப்போது பூத்தது, எது செத்தது... பூமி சூடாகிறது என்கிறார்களே — நம் பினாங்கு மரங்களுக்கு அது உறைத்திருக்கிறதா? இதுதான் அவர் கேள்வி.

பதில் வர ஆரம்பித்திருந்தது. அடிவாரத்தில் மட்டுமே முளைத்த ஒரு மரத்தின் கன்றுகள், சில வருடங்களாக மேலே மேலே முளைத்திருக்கின்றன. குளிர்ச்சியைத் தேடி ஒரு மரம் மலை ஏறுகிறது!

"அப்படித்தான் தெரியுது. இன்னும் கொஞ்ச வருஷம் பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்" என்றார்.

"ஒரு போர்டு வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருந்தேன். அதத்தான் மொதல்ல எடுத்திருக்காங்க."

மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டால் போதுமா? மறுநாள் இருவரும் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "சார், உங்க கட்டுரை ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

விஷயத்தைச் சொன்னோம்.

"நம்பர்தானே டாக்டர்? புதுசா அடிச்சுக்கலாம்லா. ஒரு வாரம் போதுமே!"

சிவகாமி ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஆய்வுக்கான அனுமதி. அதே அலுவலகத்தின் முத்திரை.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேற செக்‌ஷன் குடுத்தது. எங்களுக்கு யாரும் சொல்லலையே..."

அந்த வேறு செக்‌ஷன் எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்து அறையில். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரை மணி நேரம் நடக்கப்போகிற ஒரு பெரிய மனிதருக்காக, பதினோரு வருடம் நடந்த ஒருத்தியின் உழைப்பைக் குப்பை லாரியில் ஏற்றுவதா? அளந்து பார்க்கிறவளை அடித்து விரட்டிவிட்டு, 'ஏன் இப்போதெல்லாம் இப்படிக் கொளுத்துகிறது' என்று யாரைக் கேட்கப்போகிறோம்? கத்தினேன். அதிகாரி பியூனைக் கூப்பிட்டு எனக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அந்தக் கட்டடத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அதன் பிறகு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். சிவகாமி, நான், அன்று என்னோடு குப்பை பொறுக்கிய நாலு பேர். அவருடைய பழைய நோட்டுகளில் வரைபடம் இருந்தது. பெரிய பாறையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, என்ன மரம், என்ன சுற்றளவு... டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினோம். ஆணித் துளை இருந்தால் எங்களுக்குள் ஒரு சத்தம். சிவகாமி நோட்டைப் பார்த்து, தலையாட்டி, பழைய எண்ணையே அடித்த புதுத் தகட்டை அறைவார். பெரிய மரங்களில் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. அட்டைக் கடியைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை — சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை?

ஏழாவது ஞாயிறு மேல்சரிவுக்குப் போனோம். மலை ஏறி வந்த அந்தக் கன்றுகளைத் தேடி.

அங்கே கன்றுகளே இல்லை. புதர் என்று நினைத்து அரிவாளால் வழித்தெடுத்து, வி.ஐ.பி. நின்று பார்க்க வசதியாகச் சமன் செய்து வைத்திருந்தார்கள்.

சிவகாமி குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். நோட்டை மூடினார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

நான்தான் கேட்டேன். "மறுபடி இங்க அதே மாதிரி முளைக்க எத்தன வருஷமாகும்மா?"

"தெரியாதுண்ணே" என்றார். "அதத்தான் கண்டுபிடிச்சிக்கிட்டு இருந்தேன்."