அக்கா துடைத்த பட்டை

என் ஆய்வக மேசையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. கரி மையால் அச்சிட்ட கோடுகள் மட்டும் தெரியும். சாயத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு மீட்டரில் செருகினால், அதில் கலந்திருக்கும் அமீன் என்ற நச்சுப்பொருளை மின்னோட்டத்தால் காட்டிக்கொடுக்க வேண்டிய பட்டை. இது எதையும் காட்டாது. இருந்தும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது கல்லூரியில் இந்த மாதிரிப் பட்டைகளை அச்சிட இயந்திரம் கிடையாது. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஓர் அக்கா, டி-ஷர்ட்டில் படம் அச்சிடும் யூனிட் நடத்தினார். என் பட்டைக்கும் இதே ஸ்கிரீன் அச்சுதான், மைதான் வேறு என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்னங்க கண்ணு, டேபிள் சும்மா இருக்கறப்ப வந்து அடிச்சுக்குங்க" என்றார்.

அப்படி ஒருநாள் அடித்தபோது, மறுநாள் கல்லூரியில் மதிப்பீட்டுக் குழு. பட்டை வேலை செய்தால்தான் உதவித்தொகை தொடரும். பட்டைகளின் நுனியில் கார்பன் நானோகுழாய்க் கரைசலைச் சொட்டு வைத்து, டேபிளிலேயே காயவிட்டுச் சாப்பிடப் போனேன். அமீனை உணர்வதே அந்தக் கறுப்புச் சொட்டுதான். திரும்பி வந்தால் பட்டைகள் பளிச்சென்று இருந்தன. திருப்பூரில் கறையோடு ஒரு பீஸும் வெளியே போகாது. கோட்டைத் தாண்டி வழிந்த சொட்டுகளைப் பார்த்த அக்கா, பனியனில் மருந்து பீய்ச்சிக் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னால் ஒவ்வொன்றாக அடித்துத் துடைத்துவிட்டார். "பெரிய ஆளுங்க பாக்கறதாச்சேன்னு சுத்தம் பண்ணி வெச்சேனுங்க" என்றார் பெருமையாக. நான் அழுதுவிட்டேன்.

விஷயம் புரிந்ததும் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்போர்ட் ஆர்டரை நிறுத்தச் சொன்னார். வாசலில் சரக்கு ஏற்ற வந்த வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "இருங்க தம்பி, புள்ள படிப்பு" என்று சொல்லிவிட்டு, அவரே ஸ்கிரீனைப் பிடித்துப் புதுப் பட்டைகள் அடித்துக் கொடுத்தார். மிச்சமிருந்த கரைசல் நாலைந்து பட்டைக்குத்தான் வந்தது. அவை காயும்வரை ஈ எறும்பை அண்டவிடாமல் காவல் நின்றார். மறுநாள் குழுவின் முன்னால் சாயக்கழிவு ஒரு சொட்டு விட்டதும் திரையில் கோடு மேடாக எழும்பியது. இன்று நான் பார்க்கும் வேலை அங்கிருந்து வந்தது. அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

போன வாரம் அக்கா என் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். தட்டில் நுனியில் கறுப்புச் சொட்டோடு காய்ந்துகொண்டிருந்த பட்டைகளைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மேசையில் தனியாக இருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"அது நீங்க தொடச்சதுங்கக்கா" என்றேன்.

அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, தட்டிலிருந்தவற்றையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதானுங்க கண்ணு பாஸ். மத்ததெல்லாம் ரிஜெக்ட்."