பெயர் ஒன்று, எண் இரண்டு

31.12.1971 — 301 நாள்
31.12.1972 — 303 நாள்
31.12.1973 — 304 நாள்
14.3.1974 — 4,260 புட்டி
31.12.1974 — 302 நாள்

இவை 117-ஆம் எண்காரரின் பதிவேட்டில் உள்ளவை. நாள் என்றால் அவர் வேலைக்கு வந்த நாள். புட்டி என்றால் விரிசல் விட்ட புட்டி. நான்காவது வரி அவருடையது அல்ல. அதை அவர் பக்கத்தில் எழுதியவன் நான்.

கண்ணாடிப் புட்டி ஆலையில், வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அங்கே ஒரே பெயரில் இருவர் வேலை பார்த்தார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் ஒன்று. ஒரே வாரத்தில் சேர்ந்ததால் 117, 118 என்று அடுத்தடுத்த எண் கொடுத்தேன். வேலையும் ஒன்றுதான். பின்பக்கக் கொட்டகையில், ஆறவைக்கும் அடுப்புக்குக் காவல். புதுப் புட்டியைச் சட்டென்று ஆறவிட்டால் விரிசல் காணும். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஒற்றை ஆளாக, சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

117 சட்டையின் மேல் பொத்தானையும் போடுகிறவர். கால்மணிக்கு ஒருதரம் சூட்டின் அளவைக் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைப்பார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. 118 நன்றாகப் பாடுவார், நன்றாகப் பேசுவார்.

கேண்டீனில் இருவரையும் விடமாட்டார்கள். "ஏம்ப்பா, ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை போதுமா?" என்பார்கள். "மாத்திரை எனக்கு, கசப்பு அவருக்கு" என்பார் 118.

ஷிப்ட் மாற்றிக்கொள்ள மற்றவர்கள் படிவம் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இவர்கள் இருவரும், வந்ததும் பலகையில் மாட்டும், பெயரும் எண்ணும் போட்ட டோக்கனை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். பலகையில் இருக்க வேண்டிய பெயர் இருக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். முப்பத்தொரு வருடத்தில் நான் வளைத்த ஒரே விதி அது.

14.3.1974 அன்று பிற்பகல் முறை 117-உடையது. அவருடைய ஆறு வயது மகளுக்கு அன்று மாலை தொண்டையில் அறுவை சிகிச்சை. அதனால் 118-இன் காலை முறையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிற்பகலில் 118 வந்து 117 டோக்கனை மாட்டினார்.

மறுநாள் காலை அடுப்பைத் திறந்தபோது 4,260 புட்டியிலும் விரிசல். நான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் பகல் இரண்டு மணி வரை சாக்கட்டி எண்கள் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

மேனேஜர் கேட்டார், "நேத்து ரெண்டாவது ஷிப்ட்ல யாரு?"

பெயரைச் சொன்னேன். பெயர் பொய்யில்லை. முள்ளைப் பார்க்காமல் தூங்கிப்போன 118-உம் அந்தப் பெயர்க்காரர்தான்.

"எந்த நம்பர்?"

"117 சார்."

மதியம் 117 என் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், நேத்து நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். டோக்கன் மாத்தினதைச் சொன்னா மூணு பேருக்கும் வேலை போயிடும்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் பேர்க்காரருக்குப் போன மாசம்தான் கல்யாணமாச்சு. சரி, ஒரு எச்சரிக்கையோட போயிடும்ல சார்?"

"போயிடும்" என்றேன்.

போகவில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால், எந்த ஆள் என்று சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அதுவரை நெட்டை, குட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் முதல் 117 'தூங்குனவர்' ஆனார். மேஸ்திரி பதவிக்கு மூன்று முறை அவர் பெயர் வந்தது. மூன்று முறையும் பதிவேட்டை எடுத்து நீட்டியவன் நான். மூன்றாம் முறை 118 மேஸ்திரியானார். "தூங்குனவரே, டீ ஆறிடும், முழிச்சுக்கோங்க" என்று கேண்டீனில் சொல்பவர்களோடு அவரும் சிரிப்பார். 117 டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். 1999-இல் ஓய்வு பெற்றார். அதுவரை ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அந்தப் பதிவும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்றோர் சங்கத்துப் பதிவேட்டையும் நானே எழுதுகிறேன். 6.1.2008 அன்று சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெண்மணி வந்து, "அப்பாவுக்கு உடம்பு முடியலை. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்" என்று பெயரைச் சொன்னார்.

"அந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்கம்மா. எந்த அவர்?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "தூங்குனவர்."

அந்தத் தொண்டைக்காகத்தான் அவர் அப்பா அன்று டோக்கனை மாற்றினார். நான் 117 என்று குறித்துக்கொண்டு, "கையெழுத்துப் போடும்மா" என்றேன்.

9.1.2008 அன்று 117-க்குக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். 21.1.2008 அன்று பதில் அட்டை வந்தது.

"சார், நீங்கள் எழுதியது எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஒன்றும் வேண்டாம். என் மகளுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால், அப்பா தப்பித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைப்பாள். எழுதி வைத்தவர் சொன்னால்தான் நம்புவாள். நான் இருக்கும்போதே எழுதினால் நல்லது."

ஒரு வரிதான் கேட்டார். நான் பதினொரு முறை எழுதிக் கிழித்தேன். ஷிப்ட் நேரம் சரியா, புட்டி எண்ணிக்கை சரியா என்று பார்த்தேன். 'பிழை' என்று எழுதுவதா, 'பொய்' என்று எழுதுவதா என்று எட்டு வாரம் யோசித்தேன். 'பொய்' என்று எழுதி, 17.3.2008 அன்று தபாலில் சேர்த்தேன்.

அந்த மகளிடமிருந்து வந்த உறைக்குள் அச்சிட்ட இரங்கல் அட்டை ஒன்று இருந்தது. 15.3.2008 காலையில் காலமானார் என்று போட்டிருந்தது. பெயருக்குக் கீழே, மேஸ்திரி இறந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அடைப்புக்குறிக்குள் 'தூங்குனவர்' என்று இருந்தது. பின்பக்கம் பென்சிலால் இரண்டு வரி.

"உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்குள் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம்."

வந்து சேர்ந்த தேதி: 29.3.2008.