நகப்பூச்சும் சரிகமவும்

எங்கள் இசைக்குழுவில் ஒருவருக்கும் முறையான இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் கடைக்குக் கருவாடு வாங்க வந்த ரஷ்யக்காரர் ஒருவர்தான் என்னை இதில் இழுத்துவிட்டார். அவர் அக்கோடியன்காரர். என் கையில் கிடைத்தது பாலலைக்கா: முக்கோண உடம்பு, மூன்று தந்தி. பக்கத்து மெத்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் ஞாயிறு தோறும் கூடுவோம்.

ஆளுக்கொரு எழுத்துமுறை. அக்கோடியன்காரர் பொத்தான்களுக்கு எண் போட்டு, துருத்தியை இழுக்க ஓர் அம்பு, அமுக்க ஓர் அம்பு என்று எழுதுவார். தொம்ரா என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ரஷ்ய அம்மா ஒருவர், அதன் கழுத்தில் நகப்பூச்சால் நிறநிறமாகப் பொட்டு வைத்து, தாளிலும் அதே நிறங்களைத் தீட்டுவார். நான் சரிகம. ஒருவர் தாள் மற்றவருக்கு விளங்காது. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் தலைக்கனம், எனக்குக் கொஞ்சம் கூடவே.

அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டி இரண்டாவது கலியாணம் வந்தது. தன் கலியாணத்தில் ஆடியே தீருவேன் என்றார். முழங்கால் பழுது என்பதால் இருப்பதிலேயே குட்டிப் பாட்டாகத் தெரிந்தெடுத்தார். ஆடுகிறவர் எப்படி வாசிப்பது? மெட்டு என் தலையில் விழுந்தது. “நீ குழப்பினால் நான் கிழவி மாதிரிக் கதிரையில் குந்தியிருக்க வேண்டியதுதான்” என்று பிரெஞ்சில் மிரட்டினார்.

அவருடைய நிறங்கள் என் வாத்தியத்துக்கு ஒத்துவரா. அவர் வரிவரியாக வாசித்துக் காட்ட, நான் சரிகமவில் எழுதிக்கொண்டேன்.

“கலியாண வீட்டிலை எங்கடை மானத்தை வாங்கிப்போடாதேங்கோ” என்றாள் மனைவி.

“ஓம், ஓம், எல்லாம் பாடமாக்கிப்போட்டன்.”

கலியாணத்தன்று ஜோடி ஆட இறங்கியது. முதல் வரிக்கு முன்னே வந்தார்கள். இரண்டாம் வரிக்குத் திரும்ப வேண்டும். நானோ முதல் வரியையே மறுபடி வாசித்தேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மாப்பிள்ளை நேரே போய்க் கேக் மேசையில் முட்டினார். தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் இரட்டைக் கோடு, அதாவது மீண்டும் ஒரு தரம்! சின்ன வயதுப் பண்ணிசை வகுப்பில் எந்த வரியையும் இரண்டு தரம் பாடித்தான் பழக்கம். கை தன்பாட்டில் கோடு போட்டிருக்கிறது. கலியாண வேலையால் அந்த அம்மா வராத ஒத்திகையில் கேட்ட அக்கோடியன்காரரோ, நான் பழகுவதற்காகத் திருப்புகிறேன் என்று நினைத்தாராம்.

நிறுத்தினால் மானம் போகும், தொடர்ந்தால் அந்த அம்மாவின் முழங்கால் போகும். பாவமாய் அவரைப் பார்த்தேன். “வாசி!” என்று கத்திவிட்டு, மாப்பிள்ளையை மேசையிலிருந்து இழுத்தெடுத்து இன்னொரு சுற்றுச் சுற்றினார். சனம் கைதட்டத் தொடங்கியது. வரிக்கு வரி திருப்பித் திருப்பி, குட்டிப் பாட்டு ஒருவழியாக முடிந்தது.

நொண்டிக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மூச்சு வாங்கியபடி சிரித்தார்.

“முதல் கலியாணத்தில் என்னை ஒருவரும் ஆட விடவில்லை. அதற்கும் சேர்த்து வாசித்துவிட்டாய்.”