அப்பாவுக்கு ஒரு வாசல்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா, அம்மாவோடு கடல் கடந்து தப்பி வந்து, பட்டணத்து ஓரம் மண்ணூர்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பும் காசில்தான் குடித்தனம். கீழே வீட்டுக்காரர் குடும்பம்.

தெருவில் எல்லோரும் நன்றாகத்தான் பழகினார்கள், ஒருவரைத் தவிர. அவர் டெம்போ ஓட்டுபவர். நாங்கள் வருவதற்கு முன் அந்த மாடியில் அவர்தான் குடியிருந்தார். நாங்கள் கூடுதல் வாடகைக்கு ஒப்புக்கொண்டதும் வீட்டுக்காரர் அவரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எங்களுக்கு இது தெரியாது. சாமான்களோடு நாங்கள் போய் இறங்கியபோது, அவர் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைசிக் குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"நாங்க பொறந்து வளந்த ஊரு இது. உங்களால எங்க ஊடு போச்சு" என்றார் அவர். தெருக்கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தால் முறைப்புத்தான், பேச்சில்லை.

எனக்கும் கோபம்தான். ஷெல் விழுந்து வீடே இல்லாமல் போய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறோம்; ஒரு வாடகை வீட்டுக்கு இந்த ஆள் இந்தக் குதி குதிக்கிறாரே என்று நினைப்பேன். வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, இவர் காதில் மட்டும் பஞ்சா என்று அம்மாவிடம் நக்கலடிப்பேன்.

ஒரு தை மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மறுநாள் காலை போய்விட்டார். உடம்பை வேனில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர் மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். வாசலில் பந்தக்கால் மஞ்சளும் மாவிலையுமாக நின்றது.

வீட்டுக்காரர் ஓடிவந்து வேனை மறித்தார். "தப்பா நெனைக்காதம்மா, பந்தக்கால் நட்டாச்சு. நேரா சுடுகாட்டுக்கே எடுத்துக்கினு பூடுங்கம்மா" என்று அழுதபடி கும்பிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கல்யாண வீட்டுக்குள் பிணத்தை எங்கள் ஊரிலும் ஏற்றமாட்டார்கள்.

வேனுக்குள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாதான் உடைந்துபோனார். "குளிப்பாட்டாமல், தலைமாட்டில ஒரு விளக்குக் கொளுத்தாமல் மனுசனை அனுப்பிறதோ பிள்ளை? அதுக்கு ஒரு வாசல்கூட இல்லையோ எங்களுக்கு?" என்று கேட்டார். வேன்காரர் வேறு சீக்கிரம் முடிவு பண்ணச் சொல்லி அவசரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு ஹாரன். அவருடைய டெம்போ! வழியை அடைத்திருக்கிறோம் என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்கிவந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்ததும் சத்தம் நின்றது. வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். நல்லா வேணும் என்று நினைப்பார், நினைக்கட்டும் என்று இருந்தது.

அவர் வேன்காரரிடம், "எங்க ஊட்டாண்ட வுடு நைனா வண்டிய" என்றார்.

அம்மா பதறி, "தம்பி, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றார்.

"நீ கம்முனு வாம்மா. பெரியவரு ரோட்ல கெடக்குறாரு, இன்னா பேச்சு பேசிகினு கீற?"

அவர் மனைவி ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். பிறகு குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துப் பெஞ்சைத் தூக்கிப் போட்டாள். அவர்கள் கிறிஸ்தவர்கள், வீட்டில் குத்துவிளக்கு கிடையாது. அதையும் யாரிடமோ இரவல் வாங்கி வந்து, "எந்தப் பக்கம் வெக்கணும்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அதுவரை கல் மாதிரி இருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அப்பாவைக் குளிப்பாட்டினோம், வாய்க்கரிசி போட்டோம். டெம்போக்காரரின் கூட்டாளிகள் பாடை கட்டினார்கள். மேளம் வந்தது, ஒருநாள்கூடப் பேசியிராத மனிதருக்காக நாலு பேர் ஆடினார்கள். பக்கத்தில் அண்ணனூர் என்ற ஊரில் இருந்த எங்கள் தூரத்து உறவுப் பையன் கொள்ளிக்குடம் எடுத்தான். பாடையின் முன்பக்கத்தில் தோள் கொடுத்தவர் அவர்.

காரியமெல்லாம் முடிந்து நன்றி சொல்லப் போனேன். கோபத்தை மறந்து உதவி செய்தீர்களே என்று ஆரம்பித்ததுமே கையை ஆட்டித் தடுத்தார்.

"யாரு மறந்தா? கோவம் அப்பிடியேதான் கீது. இவ மூணு வருசம் வாழ்ந்த ஊடு தங்கச்சி அது. இந்தக் கொழந்த அங்கதான் பொறந்துச்சு. அந்தப் பக்கம் போவும்போதெல்லாம் மாடியப் பாத்துகினுதான் போறா. அதுக்காவ செத்தவருக்கு வாசல் இல்லன்னுட முடியுமா?"

அவர் மனைவி தலை குனிந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

நான் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். இப்போது வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி யாராவது என்னிடம் கசந்து பேசினால், உடனே சண்டைக்குப் போவதில்லை. உங்களுக்கு எது போனது என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் என் கதையைச் சொல்கிறேன். வீடு போன வலி எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்ற என் நினைப்பு, அப்பாவோடு சேர்ந்து அந்த வாசலிலிருந்துதான் கிளம்பிப் போனது.