எத்தனை சாமி?

மார்கழி மாதம். பொன்னமராவதி போகும் பஸ்ஸில் கூட்டம் நெரிகிறது. என் கறுப்புச் சட்டையையும் தாடியையும் பார்த்ததும், உட்கார்ந்திருக்கும் விவசாயி ஒருவர் எழுந்துகொள்கிறார்.

“சாமி, இங்கிட்டு வந்து உக்காருங்க.”

சபரிமலைக்கு மாலை போட்டவன் என்று நினைத்துவிட்டார். நான் ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற சின்ன நகரத்தில் படிக்கிறவன். அங்கே ‘காத்’ (Goth) என்று, பக்திக்காக இல்லாமல் பாணிக்காகவே எப்போதும் கறுப்பு உடுத்தும் கூட்டம் ஒன்று உண்டு. என் வகுப்பில் அந்தக் கூட்டமே நான்தான். அங்கே பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வரும்.

கறுப்பு நகப்பூச்சு தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்கிறேன்.

“எப்ப சாமி கெளம்புறீங்க?”

“அடுத்த வாரம்.” டண்டீக்குத்தான், பொய்யில்லை.

“எத்தனை சாமி சேந்து போறீங்க?”

“நான் மட்டுந்தாங்க.”

அவர் முகம் மாறிவிடுகிறது.

“அம்புட்டுத் தூரத்துக்குத் தொணைக்கு ஒரு சாமிகூடவா இல்ல?”