பக்கத்து வீட்டு நானாவும் ரேடியேட்டர் பிளக்கும்

திகனயில் நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர், சொட்டுகிற எதையும் இறுக்கியே நிறுத்தப் பார்ப்பார். அன்று அம்மாவைக் கண்டியிலுள்ள கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். முந்தின நாள் கூலன்ட் மாற்றிய என் காரில், ரேடியேட்டரின் அடிப் பிளக் ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினால் போதும். நானா வந்து ஸ்பானரைப் பிடுங்கினார்.

"இறுக்கினா சரி தம்பி."

"வேணாம் நானா, பிளாஸ்டிக்! ஒடஞ்சிரும்!"

உடைந்தது. கூலன்ட் முழுவதும் முற்றத்தில் ஓடியது.

"நல்ல வேள, வழியில ஒடயல்ல" என்றவர், உள்ளே இருந்த அம்மாவை அழைத்துத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நான் புதுப் பிளக் தேடி அலைந்தேன்.

நானா மாலைவரை அம்மாவுடனேயே இருந்து, மருந்தும் எடுத்துக் கூட்டிவந்தார். இறங்கியதுமே அம்மா என்னிடம் சீறினார்.

"அந்த மனுசன் வேணாம்னு சொல்லியும் பிளக்க ஒடச்சிட்டியாமே!"

நானா என் தோளில் கைபோட்டார். "ஏசாதீங்கம்மா. தம்பி பழகிக்குவாரு."