தலையைத் தட்டிய கை

சிதம்பரம் பஸ் நிலையத்தில் டீயை வாயில் வைக்கப் போனபோது பண்ருட்டியிலிருந்து போன் வந்தது. முருகையன் மாமாவின் மகள். "விடியக்காலைல அப்பா நெஞ்சு வலிக்குதுன்னாருண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள போயிட்டாரு" என்று அழுதாள். டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

கடலூர்–சிதம்பரம் தடத்தில் அவரோடு பஸ் ஓட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேர் கடைசியாக அவரைப் பொய்க்காரர் என்றுதான் திட்டினோம்.

நம் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வரும் டிரைவர் தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினால், முன்னால் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் வேகம் பார்க்கும் கருவியோடு நிற்கிறார்கள் என்று அர்த்தம். அபராதத்தை முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார். ஆனால் ஓவர் ஸ்பீடு கேஸ் சேர்ந்தால் லைசென்சையே முடக்கிவிடுவார்கள். அது போனால் அடுப்பு எரியாது. அதனால் பேச்சுவார்த்தை இல்லாதவனுக்குக்கூடத் தலையைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். அதில் யாரும் பொய் சொன்னதில்லை.

பொய் சொன்ன முதல் ஆள் மாமா. நான் அவருக்குக் கண்டக்டர். ஒருநாள் குடிகாடு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சிறுமி ரோட்டைக் கடக்க, மாமா பிரேக்கை மிதித்ததில் நான் டிக்கெட்டோடு முன் சீட்டில் போய் விழுந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தண்ணீர் பாட்டில்தான் டயருக்கு அடியில் நசுங்கிவிட்டது. "அண்ணா, பாட்டில எடுத்துக் குடுங்க, அம்மா அடிக்கும்" என்றாள். மாமா இறங்கிப்போய் எடுத்துக் கொடுத்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் முதல், பள்ளிக்கூட நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டியதும் எதிரே வருகிற பஸ்ஸுக்கெல்லாம் தலையைத் தட்டினார். அங்கே ஒரு போலீசும் இல்லை. "என்னா மாமா இது அக்கிரமம்?" என்று கேட்டேன். "புள்ளைக்குப் பிரேக் போடாதவன் போலீசுக்குப் போடுறான்ல, போடட்டுமே" என்றார்.

எத்தனை நாள் செல்லும்? வேகத்தைக் குறைத்து டைமிங் தவறியவர்கள் பஸ் நிலையத்தில் வந்து கத்தினார்கள். பிறகு அவர் கையை யாரும் மதிக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு காலையில் புதுச்சத்திரம் பக்கம் நிஜமாகவே போலீஸ் நின்றது. மாமா கைவலிக்கத் தட்டினார். எதிரே வந்த செல்வராஜ் சிரித்துக்கொண்டே பறந்தான். ஏற்கெனவே கேஸ் வாங்கியிருந்தவன். ஆறு மாதம் லைசென்ஸ் போயிற்று, தங்கை கல்யாணம் தள்ளிப்போயிற்று.

"தெனம் ஏமாத்துன கைய நான் எப்பிடி மாமா நம்புறது?" என்று அவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். மாமா அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுப் பண்ருட்டிக்குப் போய் பலாப்பழ லாரி ஓட்டினார். நானும் அந்தத் தடம் பிடிக்காமல் விருத்தாசலம் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன்.

போன பலா சீசனில் பார்க்கப் போனேன். சுளையை உரித்து நீட்டியபடியே, "குடிகாட்டாண்ட இப்ப யாராவது தலையத் தட்டுறாங்களாடா?" என்று கேட்டார்.

"எவன் மாமா தட்டுவான்? உனக்கு வேற வேல இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று அடுத்த சுளையை எடுத்தார்.

போன் வந்த அன்று, முதலில் புறப்பட்ட கடலூர் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டியது செல்வராஜ். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தான். பிறகு வண்டியை எடுத்தான். குடிகாட்டில் பிள்ளைகள் பையோடு நின்றிருந்தார்கள். மெதுவாகத் தாண்டினான். எதிரே ஒரு பஸ் விரைந்து வந்தது. செல்வராஜ் கையைத் தூக்கித் தன் தலையைத் தட்டினான். அந்த பஸ்ஸின் வேகம் அடங்கியது.

"எங்கடா போலீசு?" என்றேன்.

"இல்ல."

"எப்பலேருந்து இப்பிடி?"

"லைசென்சு திரும்பி வந்ததுலேருந்து. வீட்ல சும்மா கெடந்தப்பதான் அவுரு எதுக்குத் தட்டுனாருன்னு ஒறைச்சுது. இப்ப நாலஞ்சு பேரு தட்டுறாங்க."

"பாவி, அவுருகிட்டச் சொன்னியா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? நீதான் போவ வர இருக்கியே, சொல்லியிருப்பன்னு நெனச்சேன்."

மாமா கேட்ட கேள்விக்கான பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். தட்டுறாங்க மாமா.